கிரிவலம் போன ஆட்டக்காரன்

கையை எடுத்த பிறகும் அவன் நடந்துகொண்டே இருந்தான். திரையில் கால்பந்து மைதானம். எதிரணி கோல் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தது. நம் ஆள் மட்டும், யாரும் எதையும் அழுத்தாமலே, வலப்பக்கமாக நிதானமாக நடையைக் கட்டினான். கன்ட்ரோலர் மேசைமேல் சும்மா கிடந்தது.

"பாருங்க எஞ்சினியரம்மா, கிரிவலம் கெளம்பிட்டாரு," என்றார் ஆட்டோ அண்ணன். "இனிமே ஒவ்வொரு லிங்கமா நின்னு கும்புட்டு, சுண்டல் வாங்கித் தின்னுட்டுதான் திரும்பி வருவாரு. அதுக்குள்ள எனக்கு இன்னும் நாலு கோலு."

எல்லோரும் சிரித்தார்கள். கடைக்கார அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் சந்தில், தன் வீட்டு முன்னறையை அக்கா கேம் சென்டராக்கியிருந்தார். இரண்டு டிவி, இரண்டு கன்சோல், நான்கு கன்ட்ரோலர், ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, மாதம் இரண்டு தடவை வருவார். மற்ற நாட்களில் வீட்டில் அக்காவும் மாமியாரும்தான். வீடு மாமியார் பெயரில் இருந்தது. சிக்கல் அங்கேதான். கார்த்திகை பிறந்தால் ஆசிரமத்துப் பக்கம் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் அறை கேட்டு வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். ஒரு கட்டில், ஒரு கொசுவலை, சுவரில் மலைப்படம் ஒன்று. அவ்வளவு போதும், அறை தயார். மாமியாரின் மூத்த மகன் அந்த முன்னறையைக் கேட்டிருந்தார். "வாடகைக்கு விட்றலாம்மா, கடையில ஆளே வர்றதில்லயே?" என்று. மாமியார் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தீபத்துக்குள் சொல்கிறேன் என்றாராம்.

"அவங்க மனசுல முடிவு பண்ணிட்டாங்க, வாய்லதான் வரல," என்பார் அக்கா. பதில் வருவதற்குள் கடையில் கூட்டம் சேர்த்துக் காட்ட வேண்டும். கூட்டம் சேர வேண்டுமென்றால் கன்ட்ரோலர் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும்.

நான் அப்போது எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து, வேலையில் சேரும் தேதி எப்போது வரும் என்று மெயிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார என்னால் முடியாது. வீட்டில் மிக்ஸியைக் கழற்றியாயிற்று, இஸ்திரிப் பெட்டியைக் கழற்றியாயிற்று, அம்மா என் கைக்கு எட்டாத உயரத்தில் கிரைண்டரைத் தூக்கி வைக்க முடியுமா என்று யோசிக்கும் அளவுக்கு வந்திருந்தார். அந்த நேரத்தில் சித்தி பையனின் கன்ட்ரோலர் ஒன்றைச் சரிசெய்து கொடுத்திருந்தேன். அந்த ஒரே தகுதியில் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

கன்ட்ரோலர் குச்சியை நான் ஏன் இவ்வளவு ரசித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிற அந்தக் குச்சிக்குக் கீழே இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்று இடம் வலம் பார்க்கும், இன்னொன்று மேல் கீழ் பார்க்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் வில் போல வளைந்த ஒரு கார்பன் தடம், அதன்மேல் உரசி நகரும் ஓர் உலோக நாக்கு. நாக்கு தடத்தில் எங்கே நிற்கிறதோ அதற்கேற்ற மின்னழுத்தம் போகும். அதை வைத்து, விரல் எவ்வளவு தள்ளுகிறது என்று கன்சோல் புரிந்துகொள்ளும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் குச்சியை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் தடம் தேய்ந்திருந்தாலோ, நாக்குக்கும் தடத்துக்கும் இடையில் ஏதாவது புகுந்துவிட்டாலோ, குச்சி நடுவில் நிற்கும்போதே யாரோ தள்ளுவதாகக் கணக்குப் போகும். டிரிஃப்ட் என்பது இதுதான். விரல் இல்லாத இடத்தில் விரல் இருப்பதாக ஓர் இயந்திரம் நம்புகிறது. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

சோதிப்பது சுலபம். கன்ட்ரோலரை லேப்டாப்பில் செருகி, அதற்கென்று இருக்கும் இணையப் பக்கத்தைத் திறந்தால் ஒரு வட்டமும் நடுவே ஒரு புள்ளியும் தெரியும். கையை எடுத்துவிட்டுப் புள்ளியைப் பார்க்க வேண்டும். நடுவில் நின்றால் நல்லது. பிறகு குச்சியைச் சுண்டிச் சுண்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக விளிம்போடு மெதுவாக ஒரு சுற்று. அக்காவின் நான்கு கன்ட்ரோலரிலும் புள்ளி ஆளுக்கொரு திசையில் ஒதுங்கி நின்றது.

"தேஞ்சுபோச்சு அக்கா. குச்சிக்குக் கீழ இருக்கற மாட்யூலயே மாத்திடலாம்," என்றேன், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல். மேல்மூடியைத் திறந்து பார்த்ததில் சாம்பல் நிறத்தில் தூசி இருந்தது. கார்பன் தேய்ந்த தூள் என்று நானே முடிவுகட்டி ஊதிவிட்டேன்.

முதல் கன்ட்ரோலரிலேயே அவமானப்பட்டேன். ஒரு மாட்யூலுக்குப் பதினான்கு கால்கள். எல்லாவற்றிலும் ஈயத்தை உருக்கி எடுத்த பிறகுதான் அது போர்டை விட்டு வர வேண்டும். பொறுமை இல்லாமல் பன்னிரண்டாவது காலிலேயே நெம்பினேன். போர்டிலிருந்த செப்புத் தடமும் சேர்ந்து பிய்ந்து வந்தது. கம்பி வைத்து இழுத்துப் பார்த்தேன், உயிர் வரவில்லை. நான் கண்ணில் நீர் முட்ட அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கத்துக்கறப்ப ஒண்ணு போவும். தோசைகூட மொதோ தோசை யாரு திங்கறா?" என்றார். அந்தச் செத்த கன்ட்ரோலரை என் அலமாரியில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துக்கொண்டேன். மற்ற மூன்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகவே செய்தேன்.

சனி, ஞாயிறு ஓடியது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன். "திரும்பவும் கெளம்பிட்டான்ம்மா."

பிறகு இது வாராவாரம் நடந்தது. செவ்வாய்க்கிழமை நான் பட்ஸ் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, மாட்யூலைத் திறந்து துடைப்பேன். புள்ளி நடுவுக்கு வரும். ஞாயிறு கடை மூடும்வரை அசையாது. திங்கள் காலை ஒதுங்கியிருக்கும். நோட்டில் ஒவ்வொரு நாளும் எண்களைக் குறித்தேன். திங்கள், திங்கள், திங்கள். எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன்: சனி ஞாயிறு கூட்டத்தின் அடி, திங்களில் தெரிகிறது. அந்தக் கூட்டத்தில் யார் அதிகம் அழுத்துகிறார்? ஆட்டோ அண்ணன்தான். கோல் போடும்போது நாற்காலியை விட்டு எழுந்து, கன்ட்ரோலரைத் தலைக்குமேல் தூக்கி முறுக்குவார்.

எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அண்ணா, நீங்க ஆட்டோ ஹாண்டில் மாதிரி முறுக்கறீங்க. அதான் கெட்டுப்போவுது."

அவர் முகம் வாடிவிட்டது. "நானாம்மா? நான் பூ மாதிரிதான் புடிக்கிறேன்."

"நோட்டுல இருக்குண்ணா. சனி ஞாயிறு நீங்கதான் ஜாஸ்தி ஆடறீங்க."

"சரி. நோட்டுல இருந்தா சரிதான்." கன்ட்ரோலரை இரண்டு கையாலும் மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அவரோடு ஆசிரமத்து ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வந்துகொண்டிருந்த மூன்று பேரும் வரவில்லை. கூட்டம் சேர்க்க வந்த நான், இருந்த கூட்டத்தையும் கலைத்துவிட்டேன். அக்கா என்னைத் திட்டவில்லை. காலி நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். அதைப் பார்ப்பது திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

ஐப்பசிப் பௌர்ணமி அந்த வருடம் சனி ஞாயிறில் வந்தது. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் செங்கம் சாலை முழுக்கத் தலைகள்தான், வண்டி போகாது, கடைக்கு யாரும் வர முடியாது. அக்கா இரண்டு நாளும் கடையைப் பூட்டிவிட்டுக் கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். திங்கள் காலை முதல் பஸ்ஸில் திரும்பிக் கடையைத் திறந்ததும் போன் செய்தார்.

"யாரும் தொடவே இல்ல. ஆனா போவுது."

ஓடினேன். மூன்று புள்ளிகளும் ஒதுங்கியிருந்தன. ஆட்டோ அண்ணன் தொடவில்லை, யாருமே தொடவில்லை. என் நோட்டு, என் திங்கட்கிழமை ஞானம், எல்லாம் போயிற்று. அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு கன்ட்ரோலரைத் திறந்தேன். இந்தத் தடவை ஊதவில்லை. ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் தட்டினேன். கார்பன் தேய்ந்தால் தூள் கறுப்பாக இருக்க வேண்டும். இது வெளுத்த சாம்பல் நிறம். விரலில் தொட்டுத் தேய்த்தேன். மாவு மாதிரி மிருதுவாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன்.

எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் அந்த வாசனையை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை.

"அக்கா, இது திருநீறு."

அக்கா காகிதத்தை வாங்கி முகர்ந்தார். "அத்தைதான். இந்த வீட்ல நான் இல்லன்னா வேற யாரு? வேணும்னே உள்ள போட்டு வெச்சிருக்காங்க. கடை ஓடலன்னா பெரிய மவனுக்கு ரூம் குடுத்துடலாம் இல்ல?" எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் நானும் கூடவே போய் நோட்டைக் காட்டியிருப்பேன். "வேணாங்கா. ஒருத்தர ஏற்கெனவே டெஸ்ட் பண்ணாம சொல்லித் தொரத்திட்டேன். அடுத்த திங்கக்கெழம பாத்துட்டுக் கேளுங்க."

அந்த வாரம் முழுக்க அக்கா மாமியாரோடு பேசவில்லை என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கும்போதுகூட இருவர் குடத்துக்கும் நடுவில் மூன்றாவது வீட்டுக் குடம் இருந்தது.

அடுத்த திங்கள், விடிந்து வெயில் வாசலில் விழுகிற நேரம். அக்கா பின்கட்டுக் கதவைத் திறந்துவிட, நான் உள்ளே வந்து, நடை இடுக்கில் அவரோடு நின்றுகொண்டேன். என் கையில் அந்த மடித்த காகிதம், சாட்சிக்கு. மாமியார் குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பித்தளைக் கிண்ணத்தோடு முன்னறைக்கு வந்தார். கிண்ணத்தைக் கன்சோல் பக்கத்தில் வைத்தார். முதல் கன்ட்ரோலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கட்டைவிரல் பதிவதற்காகக் குச்சியின் தலை கொஞ்சம் குழிந்திருக்கும். அந்தக் குழியில் ஒரு சிட்டிகை திருநீறு வைத்தார். பக்கத்துக் குச்சிக்கும் ஒரு சிட்டிகை. கண்ணை மூடினார்.

"கரண்டு போவக் கூடாது. பசங்களுக்குள்ள அடிதடி வரக் கூடாது. சரி பண்ணது திரும்ப ஒடையக் கூடாது. நாலு பேரு வரணும் அப்பனே."

பிறகு, வருகிற பிள்ளைகளின் கையில் ஒட்டக் கூடாதே என்று, முந்தானை நுனியால் குச்சியைச் சுற்றிச் சுற்றி அழுத்தித் துடைத்தார். திருநீறு முழுக்கக் குச்சியைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாக உள்ளே இறங்கியது. வெளியே ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. அத்தனை சுத்தமான வேலை.

சத்தம் போடுவதற்காக ஒரு வாரமாகக் காத்திருந்த அக்கா, நடையிலிருந்து வெளியே வந்து, "அத்தை," என்று மட்டும் சொன்னார்.

"அய்யய்ய, பயந்தே போய்ட்டேன். எப்ப எழுந்த? வாயத் தொறந்துட்டியா, ஒரு வாரமா ஊம கணக்கா இருந்தியே?"

"எதுக்கு இதெல்லாம் பண்றீங்க?"

"எதுக்குன்னா? வண்டிக்கு வெக்கிறோம், தராசுக்கு வெக்கிறோம், இதுக்கு வெக்கக் கூடாதா? இங்க பாரு, திருநீறு வெக்கறதுக்குன்னே குழி போட்டுக் குடுத்திருக்கான், மவராசன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெரியவன் நச்சரிச்சுகினே இருக்கான். ஆளு வராத கடைக்கு எதுக்கும்மா ரூமுன்றான். நான் இன்னா பதில் சொல்றது? உள்ள நாலு பேரு உக்காந்து கத்திகினு இருந்தா, வாயத் தொறந்து முடியாதுன்னு சொல்லலாம். ஆவணியிலர்ந்து திங்கக்கெழம தவறாம வெக்கிறேன். நானும் பாக்கறேன், வர வர கம்மியாத்தான் ஆவுது."

நான் வாயைத் திறந்தேன். எனக்கு எப்போதும் விடை முந்திக்கொண்டு வந்துவிடும். அக்கா என் காலை மிதித்தார், நன்றாகவே மிதித்தார். ஆனால் மாமியார் என் கையைப் பார்த்துவிட்டார்.

"கையில இன்னா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"காட்டு."

காட்டினேன். விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "இது எங்கர்ந்து வந்துது?"

மாமியார் மடியில் இருந்த கன்ட்ரோலரைப் பார்த்தார், அதன் குச்சியைச் சுற்றியுள்ள இடுக்கைப் பார்த்தார், தன் முந்தானை நுனியைப் பார்த்தார். புத்திசாலியான மனுஷி. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப, நானேதான் கெடுத்துகினு இருந்தேனா?"

அக்கா அவர் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார். கன்ட்ரோலரை வாங்கி ஓரமாக வைத்தார். அவருக்கு ஆறுதலாகப் பேச வராது. "நீங்க கெடுக்கணும்னு நெனச்சுப் பண்றீங்கன்னு நான் நெனச்சேன் அத்தை," என்றார். அதைவிட மோசமான ஆறுதலை நான் கேட்டதில்லை. ஆனால் மாமியார் நிமிர்ந்து பார்த்து, "அதான் ஒரு வாரமா கொழம்புல உப்பு இல்லியா?" என்று கேட்டார். அக்கா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமியார் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். "சரி, இதுல வேணாம். வேற எங்க வெக்கிறது? வெக்காம வுட முடியாது, நேர்ந்துகினு இருக்கேன்."

"மிஷின் மேல வெய்ங்க அத்தை, பெரிய பொட்டியாச்சே."

"ஐயோ, மிஷின் வேணாம்!" என்று கத்தினேன். "ஃபேன் உள்ள இழுத்துக்கும்."

"அப்ப டிவிக்கு?"

"பின்னாடி பூரா ஓட்டைங்க."

"சுவிட்ச் போர்டு?"

"அத்தை!" இது அக்கா.

"இன்னாடி இது, ஒரு சிட்டிக திருநீறு வெக்க எடமில்லாத பொருளா பாத்து பாத்து வாங்கி வெச்சிருக்கீங்க?"

எனக்கு அப்போதுதான் தோன்றியது. வீட்டுக்கு ஓடினேன். அலமாரியிலிருந்து அந்தச் செத்த கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி, மாமியார் மடியில் வைத்தேன்.

"இது ஓடாதா?"

"ஓடாதுங்க. நான்தான் கெடுத்தேன், அவசரப்பட்டு."

"அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதான்." அதைத் திருப்பிப் பார்த்தார். குழி இரண்டும் அப்படியே இருந்தன. "கோயில்ல மட்டும் இன்னா, மூலவரா தெருவுக்கு வர்றாரு? உற்சவர்தானே வர்றாரு. அந்த மாதிரி, எல்லாத்துக்கும் சேத்து பூசைக்கு இது ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும்." இரண்டு குழியிலும் தாராளமாகத் திருநீறு வைத்து, நடுவில் குங்குமப் பொட்டும் வைத்து, சாமி அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். துடைக்கவில்லை. துடைக்க வேண்டிய அவசியம் இல்லை.

மறுநாள் மூன்று கன்ட்ரோலரையும் முழுதாகப் பிரித்துக் கழுவித் துடைத்தேன். பிறகு அதைவிடக் கஷ்டமான வேலைக்கு, ஆசிரமத்து ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். ஆட்டோ அண்ணன் என்னைப் பார்த்ததும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அண்ணா, உங்க கையில்ல. நான்தான் தப்பா சொன்னேன்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நோட்டுல இருந்துச்சே?" என்று குரல் வந்தது.

"நோட்டும் தப்பு."

"அப்ப யாரு கை?"

அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். "தூசிண்ணா," என்றேன்.

பேப்பர் மெல்ல இறங்கியது. "எல்லாரு முன்னாடியும்தானே சொன்ன? எல்லாரு முன்னாடியும் என்கிட்ட ஒரு மேட்ச் தோக்கணும். ஒப்புக்கினா வர்றேன்."

ஒப்புக்கொண்டேன். விட்டுக்கொடுத்துத் தோற்க வேண்டிய அவசியமே வரவில்லை. எனக்குக் கழற்றத்தான் தெரியும், ஆடத் தெரியாது. ஏழு கோல். ஒவ்வொரு கோலுக்கும் கன்ட்ரோலரைத் தலைக்குமேல் தூக்கினார், ஆனால் பூ மாதிரி. அவரோடு ஸ்டாண்டே வந்திருந்தது. நாற்காலி போதாமல் இரண்டு பேர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

தீபத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது மூத்த மகன் வந்தார். கட்டில் போட இடம் பார்க்க, கையில் அளவு டேப். நான் அப்போது மூலையில் உட்கார்ந்து ஒரு குச்சியைச் சுண்டிச் சுண்டிப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ பெனால்டி தவறவிட்டதற்காக எட்டுப் பேர் ஒரே நேரத்தில் அலறினார்கள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மாமியார் உள்ளிருந்து வந்து, நிலைக்கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அடுப்படியில் சத்தமில்லாமல் அப்படியே நிற்பது எனக்குத் தெரிந்தது.

"ரூமு பாக்கலாம்னு வந்தேம்மா."

"அந்த ரூம்ல ஆளு இருக்குதேப்பா," என்றார் மாமியார். பிறகு, அவர் கையிலிருந்த டேப்பைப் பார்த்துவிட்டு, "உள்ள வா. காபி குடிச்சுட்டுப் போ. ஒரு ஆட்டம் வேணாலும் ஆடிப் பாரு. நம்ம ரிமோட்டு இப்பெல்லாம் நல்லாத்தான் வேல செய்யுது."

என் லேப்டாப்பில் புள்ளி நடுவில் நின்றிருந்தது. அன்று திங்கட்கிழமை.